சராசரி விலை இறங்குகிறது, சதுர அடி விலை ஏறுகிறது: எதைச் சொல்வது?

கேள்வி: வீடு விற்பனை நிறுவனம் ஒன்றில் தரவுகளைக் கவனித்துக்கொள்கிறேன். மூன்று கிளைகளிலிருந்து வந்த இரண்டு ஆண்டு விற்பனைப் பதிவுகள், சுமார் 1,800 வரிகள், எக்செல்லில் இருக்கின்றன. ஆறு பகுதிகள், பெரும்பாலும் அடுக்குமாடி வீடுகள், கொஞ்சம் தனி வீடுகளும் காலி மனைகளும் உண்டு. பைவட் டேபிள் (வரிகளை வகைவாரியாகத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) போட்டுப் பார்த்ததில், ஒரு பகுதியில் சராசரி விற்பனை விலை போன ஆண்டைவிட 9 சதவீதம் இறங்கியிருக்கிறது. அதே பகுதியில் சதுர அடி விலை 6 சதவீதம் ஏறியிருக்கிறது. மேலாளரோ "ஏறுதா, இறங்குதா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்கிறார். சராசரிக்குப் பதில் மீடியன் (விலைகளை வரிசையாக அடுக்கினால் சரியாக நடுவில் நிற்பது) போட்டால் சரியாகிவிடும் என்று உடன் வேலை செய்பவர் சொல்கிறார். அது போதுமா?

பதில்: போதாது. மீடியன் வேறு ஒரு நோய்க்கான மருந்து. அதற்கு இடம் உண்டு, பிறகு வருகிறேன்.

உங்கள் இரண்டு எண்களும் கணக்காகச் சரியாகவே இருக்கலாம். ஆனால் மேலாளர் கேட்பதற்கு இரண்டுமே பதில் ஆகாது. ஒரே மாதிரியான வீடு போன ஆண்டு என்ன விலைக்குப் போனது, இந்த ஆண்டு என்ன விலைக்குப் போகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. உங்கள் பைவட் ஒப்பிடுவதோ, போன ஆண்டு விற்றுப்போன வீடுகளின் கூட்டத்தையும் இந்த ஆண்டு விற்றுப்போன வேறொரு கூட்டத்தையும். கூட்டம் மாறினால், ஒரு வீட்டின் விலைகூட அசையாமல் இருந்தாலும் சராசரி மாறும்.

அப்படி மாறியிருக்கிறது என்பதற்கு உங்கள் எண்களிலேயே தடயம் இருக்கிறது. மொத்த விலையை மொத்தப் பரப்பளவால் வகுத்தால் வருவது சதுர அடி விலை. அதைச் சராசரிப் பரப்பளவால் பெருக்கினால் சராசரி விலை. ஆகவே 0.91-ஐ 1.06-ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.86. இந்த ஆண்டு அந்தப் பகுதியில் விற்ற வீடுகளின் சராசரிப் பரப்பளவு ஏறக்குறைய 14 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். பைவட்டில் பரப்பளவு நெடுவரிசையைப் போட்டுச் சராசரி எடுத்து இதை முதலில் சரிபாருங்கள். குறைந்திருந்தால் சிறிய வீடுகள் அதிகம் விற்றிருக்கின்றன. குறையவே இல்லை என்றால் தரவில் கோளாறு இருக்கிறது. மேற்கொண்டு எதையும் கணக்கிடாமல் அதைத் தேடுங்கள்.

ஒரு சின்னக் கணக்கைப் புதிய ஷீட்டில் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஒரு பகுதியில் இரண்டே வகை வீடுகள்: 800 சதுர அடிச் சிறிய வீடு, 2,500 சதுர அடிப் பெரிய வீடு. முதல் ஆண்டில் சிறியது 40 லட்சம், பெரியது 100 லட்சம். இரண்டிலும் தலா 10 விற்றன. இரண்டாம் ஆண்டில் இரண்டுமே சரியாக 10 சதவீதம் ஏறி 44, 110 லட்சம் ஆகிவிட்டன. ஆனால் சிறியதில் 16, பெரியதில் 4 மட்டுமே விற்றன.

சராசரி விலை 70 லட்சத்திலிருந்து 57.2 லட்சமாகிறது. 18 சதவீத வீழ்ச்சி. ஒவ்வொரு வீட்டின் சதுர அடி விலையையும் எடுத்துச் சராசரி போட்டாலோ, அது 4,500-லிருந்து 5,280 ஆகிறது. 17 சதவீத ஏற்றம். உண்மையில் ஏறியது 10 சதவீதம். ஒரு எண் கீழே இழுக்கிறது, இன்னொன்று மேலே தள்ளுகிறது. சிறிய வீடுகளுக்குச் சதுர அடி விலை பொதுவாகக் கூடுதலாக இருக்கும் என்பதால், சிறியவை அதிகம் விற்கும் காலத்தில் மொத்த விலையின் சராசரி இறங்கும், சதுர அடி விலை ஏறும். உங்களுக்கு நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான்.

இதே கணக்கில் மீடியன் எடுத்தால் என்ன ஆகும்? முதல் ஆண்டில் 40-க்கும் 100-க்கும் நடுவில் 70. இரண்டாம் ஆண்டில் 20 விற்பனையில் 16 சிறியவை என்பதால் மீடியன் 44. அதாவது 37 சதவீத வீழ்ச்சி, சராசரி காட்டிய வீழ்ச்சியைப் போல இரண்டு மடங்கு. ஒரே ஒரு மாளிகை விற்பனை மொத்தத்தையும் தூக்கிவிடாமல் தடுப்பதுதான் மீடியனின் வேலை. எந்த வகை வீடு எத்தனை விற்றது என்ற கலவை மாறும்போது அதுவும் சேர்ந்தே ஆடும்.

கலவையைச் சரிசெய்ய, அதை அசையாமல் பிடித்து வைக்க வேண்டும். முதல் ஆண்டில் சிறியது பாதி, பெரியது பாதி. அந்தப் பங்கையே இரண்டாம் ஆண்டு விலைகளுக்கும் கொடுங்கள்: 44-இல் பாதி, 110-இல் பாதி, மொத்தம் 77. 70-க்கு 77 என்றால் 10 சதவீத ஏற்றம். நீங்கள் செய்ய வேண்டியது அடிப்படையில் இவ்வளவுதான். ஆனால் அதை 1,800 வரிகளில் செய்வதற்கு முன் வரிகளைச் சுத்தம் செய்தாக வேண்டும். நேரத்தில் பெரும்பகுதி அங்கேதான் போகும். போகட்டும்.

மூன்று கிளைக் கோப்புகளையும் நகல் எடுத்து ஒட்டிச் சேர்த்திருந்தால் அதைக் கைவிடுங்கள். மூன்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, டேட்டா மெனுவில் கெட் டேட்டா, ஃப்ரம் ஃபைல், ஃப்ரம் ஃபோல்டர் வழியாக, எக்செல்லுக்குள்ளேயே இருக்கும் தரவுச் சேர்ப்புக் கருவியான பவர் குவெரியில் சேருங்கள். அடுத்த மாதக் கோப்பு வரும்போது ரெஃப்ரெஷ் கொடுத்தால் போதும். தலைப்புப் பெயர்கள் மூன்று கோப்பிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு கோப்பில் 'பரப்பளவு', இன்னொன்றில் 'பரப்பு' என்றிருந்தால், அந்தக் கிளையின் பரப்பளவு முழுவதும் சத்தமில்லாமல் காலியாக வந்து சேரும். கோப்பின் பெயர் வரும் நெடுவரிசையை நீக்காதீர்கள். தவறு தென்படும்போது எந்தக் கிளையிலிருந்து வந்தது என்று அதுதான் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது தேதி. பலரும் ஏமாறும் இடம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எக்செல் தேதியை ஒரு எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. 2024 ஜனவரி 1 என்பது அதற்கு 45292. உங்கள் கோப்பில் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுதியிருந்து, கணினியின் அமைப்பு மாதம், நாள், ஆண்டு என்றிருந்தால் இரண்டு விதமான தவறுகள் கலந்து நடக்கும். 25/07/2023 என்பதில் 25-ஆம் மாதம் கிடையாது. ஆகவே அது வெறும் எழுத்தாகவே நின்று செல்லில் இடப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். இது கண்ணில் பட்டுவிடும். ஆனால் 05/11/2023 மே 11 ஆக மாறி, ஒழுங்கான தேதி போல வலப்பக்கம் போய் உட்கார்ந்துவிடும். நவம்பரில் நடந்த விற்பனை இரண்டாம் காலாண்டில் சேர்ந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க, உதவி நெடுவரிசை ஒன்றில் டே ஃபார்முலா போட்டுத் தேதியிலிருந்து நாளை மட்டும் எடுங்கள். ஒரு கிளையின் ஒழுங்கான தேதிகள் எல்லாவற்றிலும் நாள் 12-ஐத் தாண்டவே இல்லை என்றால், அந்தக் கிளையில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன. டெக்ஸ்ட் டு காலம்ஸ் கருவி எழுத்தாக நிற்கும் தேதிகளைச் சரிசெய்யும். ஏற்கெனவே தவறான எண்ணாக மாறிவிட்டவற்றை மீட்காது. மூலக் கோப்பிலிருந்து மறுபடியும் கொண்டுவருவதுதான் வழி. அந்த நெடுவரிசையைப் பவர் குவெரியில் முதலில் எழுத்தாக வைத்துக்கொண்டு, பிறகு சேஞ்ச் டைப், யூசிங் லொகேல் என்பதில் நாள் முதலில் வரும் அமைப்பைத் தேர்ந்தெடுத்துத் தேதியாக மாற்றுங்கள். பைவட்டில் தேதிகளைக் காலாண்டாகக் குழுவாக்க முடியாது என்று எக்செல் மறுத்தால், எங்கோ எழுத்துத் தேதி இன்னும் மிச்சமிருப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

எந்தத் தேதி என்பதையும் முடிவுசெய்து கொள்ளுங்கள். விலை பேசி ஒப்பந்தம் போட்ட நாளும் பதிவான நாளும் சில வாரங்களோ மாதங்களோ தள்ளித் தள்ளி வரும். விலையின் போக்கைப் பார்க்க ஒப்பந்த நாளே சரி. ஒரு கிளை ஒப்பந்த நாளையும் இன்னொன்று பதிவு நாளையும் எழுதியிருந்தால் இரண்டையும் ஒரே நெடுவரிசையில் கலக்கக் கூடாது.

விலை நெடுவரிசையில் கவுன்ட், கவுன்ட்ஏ இரண்டையும் போடுங்கள். முன்னது எண்களை மட்டும் எண்ணும், பின்னது காலியாக இல்லாத எல்லாவற்றையும் எண்ணும். விடைகள் ஒத்துப்போகவில்லை என்றால் "62.5 லட்சம்" என்பதுபோல் எழுத்தாக அடித்த செல்கள் இருக்கின்றன. ஆவரேஜ் ஃபார்முலா அவற்றைச் சொல்லாமலே விட்டுவிடும். காலிச் செல்லையும் விட்டுவிடும். ஆனால் 0 என்று அடித்திருந்தால் சேர்த்துக்கொண்டு சராசரியைக் கீழே இழுத்துவிடும். விலை தெரியாத இடத்தில் யாரும் 0 போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு விலையை ஏறுவரிசையில் அடுக்குங்கள். ஒரு கிளை 62.5 என்று லட்சத்திலும் இன்னொன்று 6250000 என்று முழுதாகவும் எழுதியிருந்தால், நடுவில் ஒரு பெரிய பள்ளம் தெரியும்.

பகுதிப் பெயர்களில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் இருந்தால் ஒரே பகுதி பைவட்டில் இரண்டு வரியாக வரும். ட்ரிம் ஃபார்முலா சாதாரண இடைவெளியை நீக்கும். இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்த தரவில் வரும் உடையாத இடைவெளியை, அதாவது 160-ஆம் எண் எழுத்தை, அது தொடாது. முதலில் சப்ஸ்டிட்யூட் ஃபார்முலாவால் அதைச் சாதாரண இடைவெளியாக்கி, பிறகு ட்ரிம் போடுங்கள்.

பரப்பளவைப் பொறுத்தவரை அலகைவிட வரையறை முக்கியம். சதுர மீட்டரை 10.764-ஆல் பெருக்கினால் சதுர அடி கிடைத்துவிடும். ஆனால் சுவருக்குள் இருக்கும் இடத்தை மட்டும் ஒருவரும், படிக்கட்டு, நடைபாதை போன்ற பொது இடங்களின் பங்கையும் சேர்த்து இன்னொருவரும் எழுதியிருந்தால் எந்தப் பெருக்கலும் அதைச் சரிசெய்யாது. கிளைகளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றாக்க முடியாவிட்டால் சதுர அடி விலையைக் கிளைகளுக்கிடையே ஒப்பிடாதீர்கள்.

இனி, எந்த வரி கணக்கில் சேரலாம் என்ற கேள்வி. உறவினருக்குள் பெயருக்கு ஒரு தொகை போட்டு மாற்றிக்கொண்டவை, பங்கில் ஒரு பகுதியை மட்டும் விற்றவை, கடனுக்காக ஏலத்தில் போனவை ஆகிய எதுவும் சந்தை விலையைச் சொல்லாது. ஒரே பத்திரத்தில் மூன்று வீடுகள் போயிருந்தால் மூன்று வரியிலும் மொத்தத் தொகையே எழுதியிருக்க வாய்ப்புண்டு. பத்திர எண்ணை வைத்து கவுன்ட்இஃப் போட்டால் 1-க்கு மேல் வருபவை வெளிச்சத்துக்கு வரும். இவற்றை அழிக்காதீர்கள். 'சேர்க்கலாமா' என்று ஒரு நெடுவரிசை வைத்து ஆம், இல்லை போட்டு, பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள். ரிமூவ் டூப்ளிகேட்ஸ் பொத்தானையும் அவசரப்பட்டு அழுத்த வேண்டாம். ஒரே கட்டடத்தில் ஒரே அளவு வீடு ஒரே விலைக்கு இரண்டு பேருக்கு விற்பது சாதாரணம். வீட்டு எண்ணோ பத்திர எண்ணோ இல்லாமல் நகலைத் தீர்மானிக்க முடியாது.

விபரீதமான விலைகளைப் பிடிக்க, ஒவ்வொரு பகுதிக்கும் சதுர அடி விலையின் முதல் காலாம்சத்தையும் (கால் பங்கு விலைகள் இதற்குக் கீழே) மூன்றாம் காலாம்சத்தையும் (முக்கால் பங்கு இதற்குக் கீழே) குவார்ட்டைல் ஃபார்முலாவால் எடுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளியின் 1.5 மடங்கைவிட அதிகமாக, முதலாவதற்குக் கீழேயோ மூன்றாவதற்கு மேலேயோ போகும் வரிகளுக்கு நிறம் பூசுங்கள். பூசிய ஒவ்வொன்றையும் மூலப் பதிவோடு ஒப்பிடுங்கள். எண் கூடுதலாக அடித்திருந்தால் திருத்துங்கள். உண்மையான விற்பனை என்றால் இருக்கட்டும், அது விபரீதமாகத் தெரிவது மட்டுமே நீக்கக் காரணம் ஆகாது.

காலி மனைகளையும் தனி வீடுகளையும் தனித்தனியாக ஒதுக்கிவிட்டு, அடுக்குமாடி வீடுகளை அளவு வாரியாகப் பிரியுங்கள். இங்கே பேராசை வேண்டாம். ஆறு பகுதி, எட்டுக் காலாண்டு, எட்டு அளவு வகை என்று பிரித்தால் 384 கட்டங்கள். 1,800 விற்பனையைப் பங்கிட்டால் கட்டத்துக்கு ஐந்துகூடத் தேறாது. ஐந்து விற்பனையின் மீடியன், ஒரே ஒரு வீடு கூடினாலும் குறைந்தாலும் தாவும். ஆறு பகுதி, மூன்று அளவு வகை, நான்கு அரையாண்டு என்றால் 72 கட்டம், சராசரியாகக் கட்டத்துக்கு 25-க்குச் சற்றுக் குறைவு. பங்கீடு சமமாக இருக்காது என்பதால் சில கட்டங்கள் அப்போதும் மெலிந்திருக்கும். பத்துக்குக் கீழே இருப்பதை எண்ணாகக் காட்டாமல் விட்டுவிடுவதே என் பரிந்துரை.

அளவு வகை போட, தனி ஷீட்டில் ஒவ்வொரு வகையின் கீழ் எல்லையையும் ஏறுவரிசையில் எழுதி, பக்கத்தில் வகையின் பெயரை எழுதி, வீலுக்அப்பைத் தோராயப் பொருத்தத்தில் போடுங்கள். எல்லைகள் ஏறுவரிசையில் இல்லாவிட்டால் பிழை எதுவும் காட்டாமலே தவறான வகையைத் தரக்கூடும். எல்லைகளைச் சந்தையின் இயல்பான இடைவெளியில் வையுங்கள். ஒரு படுக்கையறை, இரண்டு, மூன்று என்று வீடுகள் எங்கே பிரிகின்றன என்பது பரப்பளவின் ஹிஸ்டோகிராமில் தெரியும்.

இப்போது மீடியனுக்கு வேலை வந்துவிட்டது. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் வீடுகள் ஏறக்குறைய ஒரே ரகம் என்பதால், அங்கே சராசரியைவிட மீடியன் நம்பகமானது. எக்செல்லின் சாதாரணப் பைவட்டில் மீடியன் கிடையாது என்பதுதான் சிக்கல். கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆஃபீஸ் இரண்டின் பைவட்டிலும் உண்டு. எக்செல்லிலேயே செய்வதானால் இரண்டு வழி. பைவட் போடும்போது தரவை டேட்டா மாடலில் சேர்த்து, மெஷர் (நாமே எழுதிச் சேர்க்கும் கணக்கு) ஒன்றை உருவாக்கி அதில் மீடியன் எழுதலாம். அல்லது புதிய எக்செல்லில் ஃபில்டர் ஃபார்முலாவால் பகுதி, வகை, காலம் மூன்றும் பொருந்தும் விலைகளை எடுத்து அதை மீடியனுக்குள் வைக்கலாம். ஃபில்டரின் நிபந்தனைகளைத் தனித்தனி அடைப்புக்குறிக்குள் எழுதி நடுவே பெருக்கல் குறி போட வேண்டும். ஃபில்டர் இல்லாத பழைய பதிப்பில் மீடியனுக்குள் இஃப் வைத்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். வெறும் என்டர் அழுத்தினால் விடை தவறாக வரும்.

ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சிறு அட்டவணை: மூன்று அளவு வகைக்கு மூன்று வரி. முதல் நெடுவரிசையில் அடிப்படைப் பங்கு, அதாவது முதல் ஆண்டு விற்பனையில் அந்த வகைக்கு எத்தனை சதவீதம் என்பது. அடுத்தடுத்த நெடுவரிசைகளில் ஒவ்வொரு அரையாண்டின் மீடியன் விலை. சம்ப்ராடக்ட் ஃபார்முலாவால் பங்குகளையும் ஒரு அரையாண்டின் மீடியன்களையும் பெருக்கிக் கூட்டுங்கள். அதை முதல் அரையாண்டுக்கு வந்த தொகையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் உங்கள் குறியீடு, அதாவது முதல் அரையாண்டை 100 என வைத்து விலைப் போக்கைக் காட்டும் எண், தயார். பங்கு நெடுவரிசைக்கு டாலர் குறி போட்டுப் பூட்டிவிடுங்கள். மறந்தால் ஃபார்முலாவை வலப்பக்கம் இழுக்கும்போது பங்கும் நகர்ந்துவிடும். ஒரு அரையாண்டில் ஒரு வகை விற்கவே இல்லை என்றால் அங்கே 0 போடாதீர்கள், குறியீடு பாதாளத்துக்குப் போய்விடும். இரண்டு காலத்திலும் இருக்கும் வகைகளை மட்டும் வைத்து, அவற்றின் பங்குகள் 100 சதவீதம் ஆகும்படி மாற்றிக் கணக்கிடுங்கள்.

சதுர அடி விலையைப் பற்றி ஒரு குறிப்பு. பைவட்டின் கால்குலேட்டட் ஃபீல்டில் விலையைப் பரப்பளவால் வகுத்தால், அது மொத்த விலையை மொத்தப் பரப்பளவால் வகுக்கும். பெரிய வீடுகளுக்கு அதிக எடை கிடைக்கும். ஒவ்வொரு வரியிலும் வகுத்துவிட்டுச் சராசரி எடுத்தால் எல்லா வீட்டுக்கும் ஒரே எடை. மேலே உள்ள சின்னக் கணக்கின் முதல் ஆண்டுக்கு முதல் வழி 4,242 தரும், இரண்டாம் வழி 4,500 தரும். எதை எடுத்தாலும் சரி, எல்லா அறிக்கையிலும் அதையே எடுங்கள்.

குறியீட்டைச் சோதிக்க இன்னொரு வழி, இரண்டு ஆண்டுக்குள் இரண்டு முறை விற்ற அதே வீடுகளைத் தேடுவது. ஒரே வீட்டையே ஒப்பிடும் இந்த முறையை 1963-இல் பெய்லி, மத், நோர்ஸ் என்ற பொருளியலாளர்கள் மூவரும் முன்வைத்தார்கள். பின்னாளில் கார்ல் கேஸும் ராபர்ட் ஷில்லரும் அதை வளர்த்தெடுத்தார்கள். வீட்டு அடையாள எண், தேதி என்று வரிசைப்படுத்தி, இரண்டாம் விலையை முதல் விலையால் வகுத்து, 365-ஐ இடைப்பட்ட நாட்களால் வகுத்த அளவுக்கு அடுக்கு ஏற்றி, 1-ஐக் கழியுங்கள். 50 லட்சத்துக்கு வாங்கிய வீடு 500 நாளில் 56 லட்சத்துக்குப் போயிருந்தால் ஆண்டுக்கு 8.6 சதவீதம் வரும். ஆறு மாதத்துக்குள் கைமாறியவற்றையும் இடையில் புதுப்பித்தவற்றையும் விட்டுவிடுங்கள். இரண்டு ஆண்டுத் தரவில் இப்படிச் சில ஜோடிகளே கிடைக்கும், தனியாக நின்று முடிவு சொல்ல அது பற்றாது. ஆனால் உங்கள் குறியீடு 7 சதவீத ஏற்றம் என்று சொல்லும்போது இந்த ஜோடிகள் எல்லாம் இறக்கத்தைக் காட்டினால், எங்கோ தவறு இருக்கிறது என்று எச்சரிக்கும்.

கடைசி அரையாண்டைத் தற்காலிகம் என்று குறியிடுங்கள். பதிவு முடியாத விற்பனைகள் பின்னால் வந்து சேரும்போது அந்த எண் மாறும். மேலாளருக்கு "ஏறுகிறது" அல்லது "இறங்குகிறது" என்ற ஒரு வார்த்தையோடு, அடுத்த வரியில் எத்தனை சதவீதம், எந்தக் காலத்திலிருந்து எந்தக் காலம் வரை, எத்தனை விற்பனையின் அடிப்படையில் என்பதையும் எழுதுங்கள். பழைய சராசரியையும் சராசரிப் பரப்பளவையும் அதே அட்டவணையில் பக்கத்திலேயே வையுங்கள். கமிஷன் வருமானம் ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு அந்த இரண்டு எண்கள்தான் பதில், அந்தக் கேள்வி அதே கூட்டத்திலேயே வரும்.